சைக்யாட்ரி வார்டில் உடம்பை யார் பார்ப்பது?

எம்.எஸ்சி. நர்சிங்கில் ஐந்து பிரிவுகள் இருக்கின்றன: மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள் நலம், மகப்பேறு, சமுதாய நலம், மனநலம். இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் எடுக்கலாம் என்று இருக்கிறேன் என்று ஹாஸ்டலில் சொன்னால் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை?" இன்னொன்று, "நல்ல ஐடியாடி, அங்க வேலையே இருக்காது, ஜாலியா உட்கார்ந்திருக்கலாம்." முதல் பதிலில் எனக்கு வருத்தமே இல்லை, பயத்தில் சொல்வது. இரண்டாவது பதிலைக் கேட்டால்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் அப்படி நினைத்துக்கொண்டு நிஜமாகவே இந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். மதுரையில் படிக்கிறேன், சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். இந்தியன் நர்சிங் கவுன்சில் 2021இல் பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றிய பிறகு, மனநல நர்சிங் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் வருகிறது. அதாவது அதற்கு முன்பே நாங்கள் மெடிக்கல் வார்டு, சர்ஜரி வார்டு எல்லாம் சுற்றி, வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட, கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட, டிரெஸ்ஸிங் செய்யக் கற்றுக்கொண்டு, கையில் ஒரு வேலை இருந்தால்தான் நர்ஸ் என்று பழகியிருப்போம். அந்தப் பழக்கத்தோடு சைக்யாட்ரி வார்டுக்குள் போய் நின்றால் கை என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கும். டிரிப் ஸ்டாண்டு கிடையாது, மானிட்டர் சத்தம் கிடையாது, பாக்கெட்டில் இருந்த கத்தரிக்கோலைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். துப்பட்டாவைப் பின் குத்து, ஐடி கார்டுக் கயிற்றைக் கழற்று, நோயாளியோடு பேசும்போது கதவுக்குப் போகிற வழி உன் பக்கம் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். அப்புறம் நாள் முழுக்கப் பேசு, பார், எழுது. இதைப் பார்த்துத்தான் "வேலை இல்லாத வார்டு" என்ற பெயர்.

பேசுவதுகூட எங்களுக்கு வீட்டுப்பாடம். ப்ராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று எழுத வேண்டும். நோயாளி சொன்னதை அப்படியே ஒரு பத்தியில், நாம் சொன்னதை அடுத்த பத்தியில், அதற்குப் பக்கத்தில் நாம் ஏன் அப்படிச் சொன்னோம், அது உதவியதா கெடுத்ததா என்று. எங்கள் பேட்ச் மொத்தத்துக்கும் மார்க் குறைந்த இடம் ஒரே வாக்கியம்தான்: "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிரும்." நம் ஊரில் யாராவது அழுதால் வாயில் முதலில் வருவது இதுதானே? துக்க வீட்டில், ஆஸ்பத்திரியில், பரீட்சையில் ஃபெயில் ஆனவரிடம் என எல்லா இடத்துக்கும் இதையேதான் வைத்திருக்கிறோம். ஆனால் "நான் செத்துப்போயிரலாம்னு இருக்கேன் சிஸ்டர்" என்று ஒருவர் ஆரம்பிக்கும்போது இதைச் சொன்னால் அவர் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவரை வாயை மூடச் சொல்வதற்கு அதைவிட மரியாதையான வழி கிடையாது. "எப்பலேர்ந்து அப்படித் தோணுது? எப்படிச் செய்யணும்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அது தவறு என்று வகுப்பில் படித்ததைவிட, அப்படிக் கேட்ட சீனியர் சிஸ்டரிடம் ஒரு பெண் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசியதைப் பார்த்தபோதுதான் நம்பினேன்.

இன்னொரு சிக்கல் எங்கள் பக்கத்து ஊர்களுக்கே உரியது. நோயாளியின் பொய்யான நம்பிக்கையை ஆமாம் என்றும் சொல்லாதே, இல்லை என்று வாதாடவும் செய்யாதே என்பது பாடம். சரி. ஒருவர் "என் சோத்துல மருந்து வச்சுட்டாங்க" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மாவும் "ஆமா சிஸ்டர், அவ மாமியா வீட்டுல தான் வச்சாங்க, வாந்தியெடுக்க வைக்கக்கூடப் போனோம்" என்கிறார். மருந்து வைப்பது, செய்வினை, காத்து கருப்பு இதெல்லாம் ஒரு ஊரே நம்புகிற விஷயமாக இருக்கும்போது இது நோயா, ஊர் வழக்கமா? ஒரு சமூகமே பகிர்ந்துகொள்கிற நம்பிக்கையை நோய் அறிகுறியாக எழுதக்கூடாது என்றும் அதே பாடம் சொல்கிறது. அப்படியானால் அந்த நம்பிக்கை அவரை எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது, சாப்பாட்டையே நிறுத்திவிட்டாரா, வீட்டில் மற்றவர்கள் நம்புவதைத் தாண்டி அவர் மட்டும் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதை வெளியூர்க்காரரைவிட நம் ஊர்க்காரப் பெண் ஒருத்தி நன்றாகக் கண்டுபிடிப்பாள். (தன் சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று பயப்படுகிற அந்தப் பெண்ணிடம் அடுத்த நிமிடமே நான் மாத்திரைக் கப்பை நீட்ட வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!)

இதுவரை சொன்னது எல்லோரும் எதிர்பார்க்கிற சைக்யாட்ரி. நான் எழுத வந்தது வேறு.

எங்கள் போஸ்டிங்கில் ஒரு பெண் நோயாளி. ஊர், வயது, மற்ற அடையாளம் எதுவும் சொல்லவில்லை. பல வருடமாக மனச்சிதைவு நோய், மற்ற மருந்துகள் பலிக்காததால் க்ளோசபின் கொடுத்திருந்தார்கள். அவர் காலையிலிருந்து "வயித்துக்குள்ள பாம்பு நெளியுது, எடுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேஸ் ஷீட்டில் அது அழகாக ஆங்கிலத்தில் பதிவாகியிருந்தது, உடம்பைப் பற்றிய பொய்யான நம்பிக்கை என்று. எங்களுக்கோ லாக் புக்குக்கு நல்ல உதாரணம் கிடைத்த சந்தோஷம். மதியம் டூட்டிக்கு வந்த இன்சார்ஜ் சிஸ்டர், ரிட்டயர்மென்ட்டுக்குச் சில வருடமே இருப்பவர், அந்தம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "வெளிக்குப் போயி எத்தனை நாள் ஆச்சு தாயி?"

அதை அதுவரை யாரும் கேட்கவில்லை. சார்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சிஸ்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கல்லாக இருந்தது. ஸ்டெத் வைத்துக் கேட்டார். டாக்டரைக் கூப்பிட்டு, எக்ஸ்ரே எடுத்து, சர்ஜரியில் இருந்து ஆள் வந்து பார்த்து, ஒருவழியாக ஆபரேஷன் அளவுக்குப் போகாமல் சரியானது. க்ளோசபின் குடலின் அசைவையே மந்தப்படுத்தும் மருந்து. மலச்சிக்கல்தானே என்று விட்டுவிட்டால் குடல் அடைபட்டு உயிரே போகலாம். அந்த மருந்துக்கு வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று தவறாமல் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். மலம் போனாரா என்று வைவாவில் யாரும் கேட்பதில்லை.

அந்தம்மாவுக்கு வயிறு நிஜமாகவே வலித்திருக்கிறது. அவருக்கு வலியைச் சொல்லக் கிடைத்த மொழி பாம்பு. நாங்கள் பாம்பை எழுதிக்கொண்டு வயிற்றை விட்டுவிட்டோம்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பங்கு இதய நோய், சர்க்கரை, நுரையீரல் என்று சாதாரண உடல் நோய்கள்தான், தடுக்கக்கூடியவைதான். ஓலன்சபின் மாதிரி மனநோய் மருந்துகள் உடம்பை ஊதவைக்கும், சர்க்கரையை ஏற்றும். வார்டில் மாதாமாதம் எடை பார்த்து, இடுப்பளவு எடுத்து, சர்க்கரை பார்க்க வேண்டும். புகைப்பழக்கம் இன்னொரு கதை. வீட்டில் நாள் முழுக்க பீடி குடித்துக்கொண்டிருந்தவர் வார்டுக்கு வந்து பீடி கிடைக்காமல் நிறுத்தும்போது, அதே டோஸ் க்ளோசபின் ரத்தத்தில் அளவு கூடிவிடும். பீடிப் புகைதான் அதுவரை அந்த மருந்தை உடம்பு வேகமாகக் கரைக்கும்படி செய்துகொண்டிருந்தது. திடீரென்று ஒருவர் வாயில் எச்சில் ஒழுகத் தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் அவர் வந்த அன்றிலிருந்து பீடி குடித்தாரா என்று யோசிக்க வேண்டும். இதை யோசிப்பவர் பெரும்பாலும் நாள் முழுக்கக் கூடவே இருக்கிற நர்ஸாகத்தான் இருக்க முடியும், ரவுண்ட்ஸில் வந்து ஐந்து நிமிடம் நிற்கிறவருக்கு அது தெரிய வழியில்லை.

பைபோலார் நோய்க்கு (மனநிலை மிதமிஞ்சி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நோய்) கொடுக்கிற லித்தியம் இன்னும் மோசம். மருந்தாக வேலை செய்கிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பச் சின்னது: ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றி, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், நடுவில் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டால் மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் ஏறிவிடும். பி.பி.க்கு என்று திடீரென்று உப்பை நிறுத்தினாலும் அப்படித்தான். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் அளவை ஏற்றும். கை நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, வாந்தி எடுத்துக்கொண்டு வரும் ஆளைப் பார்த்து "பழையபடி குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று சொல்வதற்கு நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? டிஸ்சார்ஜ் ஆகும்போது கூட இருக்கும் சொந்தக்காரர்களை உட்கார வைத்து இதைத் தமிழில், அவர்கள் வீட்டுச் சமையல் கணக்கில் சொல்லிப் புரியவைப்பது முழுக்க நர்ஸின் வேலை. அதைச் செய்ய சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆர்த்தோ வார்டில் கால் எலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒருவர் மூன்றாம் நாள் ராத்திரி பெட்ஷீட்டைப் பிய்த்து, சுவரில் பூச்சி ஊருகிறது என்று கத்தி, மாவுக்கட்டோடு எழுந்து ஓடப் பார்க்கிறார். உடனே "சைக்யாட்ரிக்குத் தள்ளி விடுங்க". உண்மையில் அவர் தினம் டாஸ்மாக் வாடிக்கையாளர், அடிபட்டதிலிருந்து குடிக்கவில்லை, கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் வருகிற டெலிரியம் (திடீர் மனக்குழப்பம்) அது. நேரத்துக்குக் கவனிக்காவிட்டால் சாகக்கூடிய நிலை. அட்மிஷனில் "எவ்வளவு குடிப்பீங்க, கடைசியா எப்ப குடிச்சீங்க" என்று வெட்கப்படாமல் கேட்டு எழுதியிருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) போட வேண்டும் என்பதும் அப்போது யாருக்காவது ஞாபகம் வந்திருக்கும். அதேபோல வயதான ஒரு தாத்தா திடீரென்று மகனை அடையாளம் தெரியாமல் உளறினால் வீட்டில் "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பார்கள். பார்த்தால் சோடியம் குறைந்திருக்கும், அல்லது மூத்திரத்தில் கிருமி. மனம் கலங்கியிருப்பதாகத் தெரிகிறவரில் எத்தனையோ பேருக்குக் கலங்கியிருப்பது உடம்பு.

ஆகவே ஜூனியர்களுக்கு என் நேரடியான கருத்து: ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறது, ஐ.சி.யூ. பயமாக இருக்கிறது, ஊசி போட வராது, அதனால் சைக்யாட்ரி எடுக்கலாம் என்று வருவதாக இருந்தால் தயவுசெய்து வராதீர்கள். இங்கே இருக்கிற நோயாளிகள் தன் உடம்பைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்பாத இடத்தில் இருப்பவர்கள். அவர்களுக்குக் கிடைக்கிற நர்ஸும் உடம்பு நர்சிங் தெரியாமல் ஓடி வந்தவராக இருந்தால் அவர்கள் கதி என்ன?

பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பதால். அடிப்பார்களா? சில சமயம் அடிப்பார்கள். கேஷுவாலிட்டியிலும் அடிப்பார்கள், அங்கே அடிப்பது பெரும்பாலும் கூட வந்தவர்கள். சைக்யாட்ரியில் அடி விழுவதற்கு முன் அநேகமாக அறிகுறி தெரியும்: நடை வேகமாகும், குரல் ஏறும், முஷ்டி இறுகும், முந்தின ராத்திரி தூக்கமே இருந்திருக்காது. அதனால்தான் ராத்திரி டூட்டியில் யார் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எழுதச் சொல்கிறார்கள். பைபோலார் நோயாளிக்குத் தூக்கம் குறைந்துகொண்டே வந்தால் மேனியா (மனநிலை மிதமிஞ்சி ஏறுவது) வருகிறது என்று பொருள், மருந்தை மாற்ற டாக்டர் காலையில் முதலில் தேடுவது அந்த ஏட்டைத்தான். அதில் எல்லாப் படுக்கைக்கும் நேராக "நன்றாகத் தூங்கினார்" என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டு நர்ஸிங் ஸ்டேஷனில் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வகுப்புப் பையன்களுக்கு வேறு பிரச்சினை. "எங்களை அந்த வார்டுக்குக் கூப்பிடுறதே ஆளைப் பிடிக்கத்தான்" என்பார்கள். ஊசி போடும்போது, கட்டும்போது, கதவருகில் நிற்க. நல்ல பேச்சுத்திறமை உள்ள ஒரு பையன் போஸ்டிங் முழுக்கப் பிடிக்கிற ஆளாகவே இருந்துவிட்டு, இந்தப் பிரிவே வேண்டாம் என்று போய்விட்டான். மனநல நர்சிங்குக்கு அது நஷ்டம்.

கட்டுவது என்றதும் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரிவில் நர்ஸுக்குச் சட்டம் தெரியாவிட்டால் அவர் கையாலேயே தப்பு நடக்கும். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது, 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளியைத் தனி அறையில் அடைப்பது கூடவே கூடாது. கட்டிவைப்பது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான், அதுவும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, அதற்கான பதிவோடு. தண்டனையாகச் செய்யக்கூடாது. இன்னொரு வரி எனக்கு மிகவும் பிடித்தது: ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் செய்யக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர் எவரோ ராத்திரி டூட்டி வார்டு ஒன்றைப் பார்த்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். சங்கிலியால் பிணைப்பது அறவே கூடாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இ.சி.டி. (மின் அதிர்வு சிகிச்சை) கொடுப்பதற்கும் தடை. சினிமாவில் நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க, நோயாளி துள்ளித் துள்ளி விழுவதாகக் காட்டுகிற கரண்டு ஷாக் சட்டப்படி இன்று கிடையாது. நாங்கள் பார்த்த இ.சி.டி.யில் நோயாளி வெறும் வயிற்றில் வருகிறார், மயக்கம் கொடுக்கிறார்கள், கால் விரல் லேசாக ஆடுகிறது, சில நிமிடத்தில் எழுந்து எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதும், கண் விழிக்கும்வரை மூச்சுக்குழாயைக் கவனிப்பதும்தான் எங்கள் பங்கு. மறுபடி பாருங்கள், உடம்பு.

எங்கள் மாவட்டத்துக்காரிக்குச் சங்கிலி என்றால் ஏர்வாடி ஞாபகம் வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6, நான் பிறப்பதற்கு முன்பு. தர்கா பக்கத்தில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் பிணைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. எங்கள் அப்பத்தா அதைப் பற்றிப் பேசும்போது தன் ஊர்க்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டதையும் சேர்த்துத்தான் சொல்வார். "வேற எங்க கொண்டு போறது அப்ப?" என்பார். அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கு வந்து சேரவே வருடங்கள் ஆயின. இப்போது ஏர்வாடியிலேயே துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது, பூட்டிவைத்து நம்பிக்கையைத் திட்டுவதைவிட இது புத்திசாலித்தனமான வழி என்பது என் கருத்து. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்தில் குடும்பத்தினர் நோயாளியோடு கூடவே தங்கும் முறை 1950களிலிருந்தே இருக்கிறது. அங்கே நர்ஸுக்கு நோயாளி ஒருவர் மட்டும் இல்லை, ஒரு வீடே வந்து படுத்திருக்கும். எனக்கு ஒருமுறை அங்கே போய் எப்படி வேலை நடக்கிறது என்று பார்க்க ஆசை.

சரி, வேலை வாய்ப்பு. இதைத்தான் நிறைய பேர் தேடுவீர்கள், என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். பி.எஸ்சி. முடித்து கவுன்சிலில் பதிவு செய்த பிறகு இரண்டு வழி: ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமா, அல்லது இரண்டு வருட எம்.எஸ்சி. எம்.எஸ்சி.க்கு 55 சதவீதமும் ஒரு வருட வேலை அனுபவமும் கேட்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் இரண்டுமே உண்டு. எல்லோருக்கும் அதுதான் கனவு, நுழைவுத் தேர்வு இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் டியூட்டர் ஆகிவிடுகிறார்கள், வார்டில் நிற்பவர்கள் குறைவு. டியூட்டர் வேலைக்கு ராத்திரி டூட்டி இல்லை, குடும்பத்துக்குச் சௌகரியம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வார்டை விட்டுப் பத்து வருடம் ஆன ஒருவர் எங்களுக்கு வார்டைச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த இடைவெளி தெரியத்தான் செய்கிறது. அரசு வேலை என்றால் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, அதில் சைக்யாட்ரி படித்தவருக்கு என்று தனி வரிசை கிடையாது, நர்ஸ் என்றால் நர்ஸ், எந்த வார்டிலும் போடலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல நர்ஸுக்கு இடம் உண்டு. தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன: சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993இல் வந்த பேன்யன், எங்கள் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை. சம்பளம் பெரிதாக இருக்காது, கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் என்று அங்கே போன சீனியர் அக்காக்கள் சொல்கிறார்கள். பிரிட்டனில் மனநல நர்ஸ் என்பது தனிப் பதிவு, தேர்வும் தனி. நம் ஊர் பி.எஸ்சி.யை வைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் பொதுப் பிரிவில்தான் பதிவு செய்கிறார்கள், மனநலத்தில் போக வேண்டுமென்றால் அதற்கான படிப்பையும் அனுபவத்தையும் காட்ட வேண்டியிருக்கும்.

தனியார் போதை மறுவாழ்வு மையங்கள் விளம்பரம் கொடுத்துக் கூப்பிடும். போகும் முன் அந்த இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. மருத்துவர் எப்போது வருவார், ராத்திரி யார் இருப்பார், உள்ளே இருப்பவர் வீட்டுக்கு போன் பேச முடியுமா, இதையும் கேளுங்கள்.

வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை, கவர்மென்ட் வேலையா என்பது மட்டும்தான் அவருக்கு. அம்மாவுக்கு வேறு கவலை: "மெண்டல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்குதுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னா என்ன நெனப்பாங்க?" நான் பதிலுக்குச் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை. ஆனால் போன மாதம் அம்மாவே, எங்கள் தெருவில் பிரசவம் ஆன ஒரு பெண் பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள், ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாள், மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள், நீ கொஞ்சம் பேசு என்று போன் செய்தார். நான் பேசினேன், உடனே டாக்டரிடம் அழைத்துப்போகச் சொன்னேன், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐயும் கொடுத்தேன், இலவசம்தான், தமிழில் பேசலாம். கூடவே தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பிரசவத்துக்குப் பிறகு இரண்டும் ஆளை அப்படியே முடக்கிப் போடும். தைராய்டு பிரச்சினை இருந்தது, மனச்சோர்வும் இருந்தது, இரண்டுக்கும் மருந்து எடுக்கிறாள்.

என் திட்டம் இப்போதைக்கு இதுதான்: தேர்வு முடிந்ததும் நேராக சைக்யாட்ரிக்குப் போகப்போவதில்லை. எப்படியும் எம்.எஸ்சி.க்கு ஒரு வருட அனுபவம் வேண்டும், அதைப் பொது மருத்துவ வார்டில், முடிந்தால் ஓர் அரசு மருத்துவமனை அளவுக்குக் கூட்டம் இருக்கிற இடத்தில் கழிக்கப்போகிறேன். கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, காய்ச்சலில் உளறுகிற தாத்தாக்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்புறம் நிம்ஹான்ஸ் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று இருக்கிறேன். முதலில் டிப்ளமாவா, நேரே எம்.எஸ்சி.யா என்பதில்தான் குழப்பம். டிப்ளமா என்றால் ஒரு வருடத்தில் முடித்து வார்டிலேயே நிற்கலாம், எம்.எஸ்சி. முடித்தால் என்னையும் கல்லூரிக்கு இழுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இரண்டில் ஒன்றைச் செய்து இப்போது வார்டில் வேலை பார்க்கிற அக்கா அண்ணன் யாராவது இதைப் படித்தால், சம்பளத்தையும் சேர்த்து, உள்ளது உள்ளபடி எனக்கு எழுதுங்கள்.